பெரட்டுக் களத்துப் பதினொரு பெண்கள்

மேல் மாடியில் நிற்கப்போகிறவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். கீழ்மாடிக்காரர்களும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கீழே சொங்கெட் ஜரிகைத் துணிகளும் வாயாங் கூலிட் தோல்பாவைகளும் லாபு சாயோங் மண்குடுவைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. மேலே நவீன ஓவியங்கள். அவற்றுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு இருக்கிறது, அப்புறம் நீங்கள் இருக்கிறீர்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

இருபத்தாறு வருடம் இந்த ஈப்போ கூடத்தில் நின்று சம்பளம் வாங்கியவன் நான். தேசியக் கலைக்கூடத்தில் வேலை என்று மாமனார் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், செய்தது ஜாகா வேலைதான், அதாவது காவல். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் புவான் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். புவான் என்றால் நம் கூடத்தின் தலைவர், உங்களை வேலைக்கு எடுத்த அதே அம்மாதான். "எல்லாவற்றையும் சொல்லுங்கள், உங்கள் தப்பையும் சேர்த்து" என்றார். சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் தப்பு. சேர்ந்த முதல் மாதம், மேல் மாடி வாசலோரமாக நாற்பது ஐம்பது பழைய ஜப்பான் சிலிப்பர்கள் தாறுமாறாகக் கிடந்தன. நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே பூசை நடக்கிறது என்றுதான் என் புத்தி சொல்லும். யாரோ பள்ளிப் பிள்ளைகள் கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, திட்டிக்கொண்டே, முடிந்தவரை ஜோடி சேர்த்து, சுவரோரமாக வரிசையாக அடுக்கி வைத்தேன். என் காலணியையும் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒரு கலைப்படைப்பு. ஒற்றைச் செருப்புகளாகப் பொறுக்கி, ஜோடி சேராதபடி பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார் அந்தக் கலைஞர்.

அப்போது எனக்கு மூத்தவராக ஒரு மலாய்க்காரர் இருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் பாக்சிக், மாமா மாதிரி. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண்காட்சிப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு செருப்பையும் பழைய இடத்தில் போட வைத்தார். முடிந்ததும் சொன்னார்: இனிமேல் நீ படைப்பைப் பார்க்காதே, ஆளைப் பார். படம் எங்கேயும் ஓடிப்போகாது, ஆள்தான் கையை நீட்டுவான். ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நில்.

நல்ல பாடம். உங்கள் கையேட்டிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த ஓவியத்துக்கும் முதுகைக் காட்டியே நின்றேன். யாருடைய கை எந்தப் பக்கம் நீளும் என்று தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பின்னால் தொங்குவது என்ன என்று கேட்டால் அளவும் எண்ணும் சொல்வேன். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். கடைசியில் இதுதான் என்னைக் கவிழ்த்தது.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. உங்களில் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், கொஞ்சம் காது கொடுங்கள். நம் ஆட்கள் வந்தால் எனக்கு முதுகு தானாக விறைக்கும். சீனர் வந்தாலும் மலாய்க்காரர் வந்தாலும் சிரித்துப் பேசுவேன். நம்மவர்கள் கூட்டமாகப் படியேறி வந்தால், இவர்கள் ஏதாவது செய்து நம் மானத்தை வாங்கிவிடுவார்களோ என்று பயம். தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு பயம். அதனால் மற்றவர்களுக்கு வளைகிற விதி நம்மவர்களுக்கு மட்டும் என்னிடம் வளையாது. தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்வேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். கோழைத்தனம் என்று பின்னால்தான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுங்காயிலிருந்து ஒரு பஸ் வந்தது. ஏதோ கோயில் கமிட்டி ஏற்பாடு. முன்பு ரப்பர்த் தோட்டங்களில் இருந்து, தோட்டங்கள் கைமாறி, எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆனதும் சுங்காய் டவுன் பக்கம் குடிவந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். காலையில் குகைக் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நேரம் இருக்கிறது என்று நம் கூடத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதப் பொட்டலம்.

கீழ் மாடியில் லாபு சாயோங்கைப் பார்த்ததும் ஒரே கலகலப்பு. இதில் தண்ணீர் வைத்தால் ஐஸ் பெட்டியே வேண்டாம் என்று ஒரு கிழவி கூடத்துக்கே பாடம் எடுத்தார். என் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு ஒருவர், "அட, நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருலா, அப்புறம் என்ன பயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புவான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. வரிசையில் போகும்படி மலாயில் சொன்னேன்.

மேல் மாடியில் அப்போது ஒரு பெரிய எண்ணெய்ச் சாய ஓவியம் தொங்கியது. அதற்குப் 'பெரட்டு' என்று பெயர். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. ஈப்போவில் பழைய சாமான் கடை ஒன்றில் கிடைத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் அதை வரைந்திருந்தார். பதினொரு பெண்கள் வாளியும் கையுமாகப் பெரட்டுக் களத்தில் நிற்கிறார்கள். சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பணக்காரர். மூன்று மாதத்துக்கு இரவல் கொடுத்திருந்தார். யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

கூட்டம் அந்த அறையைச் சுற்றிவிட்டு நகர்ந்தது. ஓர் அம்மா மட்டும் நகரவில்லை. எழுபத்தைந்து வயது இருக்கும். வெளிறிய மஞ்சள் சேலை, ஒடிசலான உடம்பு. அந்த ஓவியத்தின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல ஓவியத்துக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்து நின்றேன். அழுகிறவர்கள் கையை நீட்டுவார்கள். அதனால் ஓரடி நெருங்கி நின்றேன்.

"இது எம் மவ, தம்பி" என்றார்.

பெயர் பாக்கியம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மகள் பெயர் தேவகி. பதினாறு வயதில், பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளியில் எடுத்த ஒரே ஒரு படம் இருந்ததாம். அவள் போன அதே வருடம், தோட்டத்தை விற்று லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது சாமான்களை லாரியில் ஏற்றி, வழியில் மழை பிடித்து, பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பிரித்தால் முகம் இருந்த இடத்தில் வெள்ளைதான் இருந்ததாம். இதையெல்லாம் என்னிடம் பேச்சுவாக்கில் சொல்வதுபோல் சொன்னார். குரல் உடையவில்லை. அப்புறம்தான் அதைச் சொன்னார்.

"அவ மூஞ்சி எனக்கே மறந்து போயிக்கிட்டு இருந்துச்சு தம்பி. கண்ண மூடுனா வர மாட்டேங்குது. வருஷா வருஷம் வெறும் சொம்புக்குத்தான் பொட்டு வச்சுப் படைக்கிறேன். ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன். வூட்டுல மாட்டிக்கிறேன்."

கூட வந்த ஒரு பெண்ணிடம் கைப்பேசி இருந்தது. அந்தப் பெண் ஏற்கனவே அதைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தக் போலே, மாக்சிக்." கூடாது, அம்மா. அதையும் மலாயில் சொன்னேன். நம் அம்மாவுக்கு, நம் பாஷையில் கேட்டவருக்கு.

அதற்கு முந்தின வாரம், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் குடும்பம் வந்தது. அதே ஓவியத்தின் முன்னால் நின்று, விரலை இப்படியும் அப்படியும் காட்டிக்காட்டிப் பத்துப் படம் எடுத்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த விதி வளையும் என்று எனக்குத் தெரியும். இந்த அம்மாவுக்கு நான் அதை வளைக்கவில்லை.

அவர் கெஞ்சவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். பஸ்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார். கைப்பேசிப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். எனக்குள் ஏதோ அறுத்தது. அதைச் சரிக்கட்ட, குரலைத் தாழ்த்தி, முதல்முறையாகத் தமிழில் பேசினேன். "நல்லா பாத்துக்குங்கம்மா. நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே அறையை விட்டு வெளியே போய்ப் படிக்கட்டு ஓரம் நின்றேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பணி நேரத்தில் அறையை விட்டு வெளியேறினேன். அதுவும் ஒருவரிடம் சொல்லிவிட்டு வெளியேறினேன். நான் அனுமதி கொடுத்துவிட்டதாகத்தான் அந்த அம்மா எடுத்துக்கொண்டிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கயிற்றில் யார் பட்டாலும் அடிக்கிற மணி அடித்தது. ஓடினேன். பாக்கியம் அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஓவியத்தை ஒட்டி, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். குகைக் கோயில் குங்குமப் பொட்டலம் தரையில் விரிந்து கிடந்தது. ஓவியத்தில், ஒரு நெற்றியின் நடுவே, கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பாகப் பொட்டு.

செத்துப்போனவர்களின் படத்துக்குப் பொட்டு வைப்பது நமக்கு அனிச்சையான செயல். விளக்கேற்றியதும் கை தானாகப் போகும். நாற்பது வருடத்துக்கு மேல் வெறும் சொம்புக்கு வைத்த கை அது. முகம் கிடைத்ததும் வைத்துவிட்டது. ஆனால் அந்த நேரம் எனக்கு இந்த நியாயம் எதுவும் தோன்றவில்லை. அந்தச் சிவப்புதான் கண்ணில் தெரிந்தது. அவர் முழங்கையைப் பிடித்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்தேன். எலும்புதான் கையில் பட்டது.

மணிச் சத்தம் கேட்டுப் புவான் மேலே வந்துவிட்டார். ஓவியத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: "நீங்கள் அறையில் இருந்தீர்களா?"

என் கோப்பில் ஏற்கனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. பணி நேரத்தில் தேநீர் குடிக்கப் போய் மாட்டியது. மறுபடியும் அறையை விட்டுப் போனேன் என்றால் வேலை போகும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மூன்று மூச்சு விடும் நேரம்தான் யோசித்தேன். "இருந்தேன், புவான். தொடாதீர்கள் என்று எச்சரித்தேன். ஒரு நொடி திரும்பினேன், அதற்குள் தாண்டிவிட்டார்" என்றேன்.

மலாயில்தான் சொன்னேன். பாக்கியம் அம்மாவுக்கு மலாய் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? இந்த மண்ணில் பிறந்து எழுபத்தைந்து வருடம் வாழ்ந்தவர். எல்லாம் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலை. இவனுக்கும் ஏதோ கஷ்டம் போல என்று நினைக்கிற பார்வை அது. பிறகு புவானிடம் அவரே மலாயில், தப்பு தன்னுடையது, இந்தத் தம்பி ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னார்.

போலீசுக்குப் போக வேண்டாம் என்று புவான் முடிவு செய்தார். ஆனால் எச்சரித்த பிறகும் தொட்டவர் என்று என் அறிக்கை சொல்கிறதே, அதற்கு ஒரு விதி இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் தடைப் பட்டியலில் ஏறியது. இனி கூடத்துக்குள் நுழையக் கூடாது. கோயில் கமிட்டிக்கும் ஒரு கடிதம் போனது. கமிட்டித் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசினார். மானம் போச்சு என்றார். என் வாயில் எப்போதும் வருகிற அதே வார்த்தை.

அன்று படியிறங்கும் முன் பாக்கியம் அம்மா என்னிடம் வந்தார்.

"அழிச்சிருவீங்களா தம்பி?"

"ஆமாம்மா. அழிச்சுத்தான் ஆகணும்."

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் இருக்கட்டுமே."

பஸ் வாகன நிறுத்தத்தை விட்டுப் போகுமுன் ஓவியத்தை இறக்கித் துணி போட்டு மூடிவிட்டோம். யாரும் உள்ளே வராதபடி அறை வாசலில் நின்றேன். அப்போதும் ஓவியத்துக்கு முதுகைக் காட்டித்தான்.

சீர்செய்ய வந்தவர் ஒரு சீன அம்மையார். கை அவ்வளவு சுத்தம். இரண்டே நாளில் பொட்டு இருந்த சுவடே இல்லாமல் எடுத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். சம்பவ அறிக்கை எழுதியது நான். எந்த இடம் என்ற கட்டத்தில், 'ஓவியத்தின் இடப்பகுதி, சிறு சிவப்புக் கறை' என்று எழுதினேன். பொட்டு என்றோ, ஒரு பெண்ணின் நெற்றியில் என்றோ எழுதவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் தேவகி என்றும், வைத்தவள் அவளுடைய தாய் என்றும் எழுதவில்லை. விஷயம் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறதோ அவ்வளவு எனக்கு நல்லது என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஓவியம் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனது.

பிறகு இரண்டு வருடம் வேலை பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். நல்ல பணியாளர் என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். கடைசி நாளன்று அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே புவான் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை இன்றைக்கு என்னிடம் சொல்வதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? அன்றைக்கு அல்லவா சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அந்த இடத்திலேயே பட்டியலை எடுத்துப் பாக்கியம் அம்மாவின் பெயரை அடித்தார்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கண்காட்சிப் புத்தகத்தில் 'பெரட்டு' இரண்டு பக்கம் அகலத்துக்கு அச்சாகியிருந்தது. சிங்கப்பூருக்கு எழுதி, அனுமதி கேட்டு, பதில் வரக் காத்திருந்து, ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டேன். எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. அதைப் பின் இருக்கையில் போர்வை சுற்றி வைத்துக்கொண்டு தடைப் பட்டியலில் இருந்த விலாசத்தோடு சுங்காய்க்குக் காரை விட்டேன். வழி முழுக்க மழை. அந்த அம்மா முதலில் திட்டுவார், அப்புறம் டீ கொடுப்பார், அப்புறம் படத்தைப் பிரிப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

மலிவு விலை வீடு, வரிசையில் கடைசி. கதவைத் திறந்தவர் மகன் சேகர். செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர் கேட்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பின்னால் சுவரில் பாக்கியம் அம்மா சட்டத்துக்குள் இருந்தார். நெற்றியில் பொட்டு, மேலே பிளாஸ்டிக் மாலை. போய் எட்டு மாதம் ஆகிறதாம்.

எட்டு மாதம் என்றால், நான் இங்கே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது.

அவர் படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து சேகர் சொன்னார். ஈப்போ போய் வந்த மறுநாளே அம்மா அந்த ஆணியை அடிக்கச் சொன்னாராம். "அக்காவ பாத்தேன்டா, ஈப்போவுல இருக்கா" என்றாராம். வயசாகிவிட்டது, ஏதோ பேசுகிறது என்று இவர் நினைத்திருக்கிறார். ஒருநாள், சரி வா, காட்டு, போகலாம் என்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றால், "நம்மள உள்ள வுட மாட்டாங்கடா" என்று அழுதாராம். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லையாம். கடைசிவரை சொல்லவில்லையாம். என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படத்தைப் பிரித்தேன். மேசையில் சாய்த்து வைத்தோம். சேகர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா செத்த மறுவருடம்தான் அவர் பிறந்தார். அக்காவின் முகத்தை அவர் கண்டதே இல்லை.

"இதுல எங்கக்கா எதுண்ணே?"

பாருங்கள், அந்த நொடிவரை எனக்கு அது தோன்றவே இல்லை. படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேனே தவிர, பதினொரு பேரில் தேவகி யார் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தேன். இடமிருந்து மூன்றாவதா, நான்காவதா? பொட்டு நினைவிருக்கிறது, அதன் சிவப்பு நினைவிருக்கிறது, கீழே விரிந்து கிடந்த பொட்டலம்கூட நினைவிருக்கிறது. பொட்டுக்குக் கீழே இருந்த முகம் நினைவில் இல்லை. மூன்று மாதம் அந்த ஓவியத்தோடு ஒரே அறையில் நின்றவன் நான்.

"அம்மா எதுவும் அடையாளம் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"பாத்தா தெரியும்டா, அப்படின்னுதான் சொல்லுச்சு" என்றார் சேகர்.

தோட்டத்துப் பழைய ஆட்கள் யாராவது என்று இழுத்தேன். தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்களாம். பாகான் செராயில் ஓர் அத்தை மட்டும் இருந்தாராம், அவரும் போன வருடம் தவறிவிட்டார். கூடத்துக்குத் தொலைபேசி போட்டுக் கோப்பைத் தேடச் சொன்னேன். என் அறிக்கையையே எனக்கு வாசித்துக் காட்டினார்கள்: இடப்பகுதி, சிறு சிவப்புக் கறை. அதோடு இருந்த படத்தை அனுப்பினார்கள். மிக நெருக்கத்தில் எடுத்தது. இரண்டு கரிய தீற்றல், நடுவே சிவப்பு. அந்த ஓவியர் பதினொரு பேருக்கும் புருவத்தை அப்படித்தான் தீற்றியிருந்தார். எந்த முகம் என்று புவானுக்கும் நினைவில்லை. தைப்பிங்கில் இருக்கிற சீன அம்மையாருக்கும் போன் போட்டுக் கேட்டேன். அவர் வருத்தப்பட்டார். சுத்தம் செய்யும்போது கண்ணாடி வழியாக ஒரு காசு அகலத்தைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றார். அவர் வேலை அப்படி, என் வேலை இப்படி. அந்த ஓவியத்தின் முன்னால் நின்ற அத்தனை பேரிலும் அந்தப் பெண்ணைப் பார்த்தவர் அவளுடைய தாய் ஒருவர்தான்.

சேகர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலாவதுங்களா? அது அம்மா மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் அவரே, "மூணாவதும் அம்மா மாதிரிதான் தெரியுது" என்றார்.

ஒரு விரலை நீட்டி, இதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். சந்தோஷமாகப் பொட்டு வைத்திருப்பார். டீ குடித்துவிட்டு நானும் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். விரல் பாதி எழுந்தும்விட்டது. ஆனால் ஏற்கனவே அந்தக் குடும்பத்தின் தலையில் ஒரு பொய்யை ஏற்றியவன் நான். வேறு யாரோ பெற்ற பிள்ளையை இவருக்கு அக்காவாக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"தெரியல தம்பி" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டத்தோ குடும்பம் படம் எடுத்ததையும், நான் வெளியே போய் நின்றதையும், புவானிடம் சொன்ன பொய்யையும், இன்று ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் என்று அவர் அம்மா கேட்டதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. அவருக்கு ஏறிவிட்டது. காலம் தப்பிச் சொல்கிற உண்மை அதைத்தான் செய்யும், வேறொன்றும் செய்யாது.

அவர் என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "மழ விடட்டும், உக்காருங்கண்ணே" என்றார். அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஆளைப் பாருங்கள், பாக்சிக் சொன்னது சரி. ஆனால் அந்த ஆள் எதைப் பார்க்கிறார் என்று ஒருமுறையாவது திரும்பிப் பாருங்கள். அறிக்கை எழுதும்போது கறை என்று எழுதாதீர்கள். யார் வைத்தார், யாருக்கு வைத்தார் என்று பெயரோடு எழுதுங்கள். அதனால் உங்களுக்கு வேலை போகும் என்றாலும் எழுதுங்கள். எனக்கு வேலை போகவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்?

மழை விட்டதும் சேகர் படத்தை எடுத்து அந்த ஆணியில் மாட்டினார். கோணல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். நேராக இருந்தது. கீழே மாடத்தில் குங்குமச் சிமிழ் இருந்தது. மோதிர விரலால் தொட்டு அம்மாவின் நெற்றியில் பொட்டைப் புதுப்பித்தார். விரலில் மீதி இருந்தது. அந்த விரலோடு பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தார். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நேராகக் கையைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.